தவறான ஜனாதிபதிக்கு ஒரு ஜெபம்

கழுகின் இரண்டு சிறகுகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். பித்தளைக் கழுகு. அந்தச் சர்ச்சில் அதன் முதுகின்மேல்தான் வேதப் புத்தகத்தை விரித்து வைப்பார்கள். ஜூலை மாதத்து முதல் ஞாயிறு. ஏ.சி. கிடையாது. என் உள்ளங்கை வியர்வையில் கழுகிலிருந்து கழுவாத குத்துவிளக்கின் வாசனை வந்தது.

எதிரே அறுபது பேர். பாதிப் பேர் அமெரிக்கச் சுதந்திர தின உற்சாகத்தில் சிவப்பும் நீலமுமாக உடுத்தியிருந்தார்கள். அன்றைக்குப் பொது ஜெபத்தை நடத்தும் முறை எனக்கு. உலகத் திருச்சபைக்காக ஜெபித்தாயிற்று. நோயாளிகளுக்காக ஜெபித்தாயிற்று. அடுத்தது ஆட்சியாளர்கள்.

"இந்தியக் குடியரசுத் தலைவருக்காகவும், அவருடைய அமைச்சர்களுக்காகவும்" என்று ஆங்கிலத்தில் கணீரென்று சொன்னது என் வாய்.

வாய் என்றுதான் சொல்ல வேண்டும். அதில் எனக்குப் பங்கில்லை. பாளையங்கோட்டையில் பத்து வயதிலிருந்து ஞாயிறுதோறும் கேட்ட வரி; பழகிய மாடு வீட்டுக்குத் திரும்புவது போலத் தானாக வந்து நின்றுவிட்டது.

இதில் விசேஷம் என்னவென்றால், அறுபது அமெரிக்கர்களும் அதே பழக்கத்தில், "ஆண்டவரே, எங்கள் ஜெபத்தைக் கேளும்" என்று ஒரே குரலில் பதில் சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவர்களுக்கு உறைத்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் காது மெஷினை எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

அந்த அமைதியில், நாலாவது பெஞ்சிலிருந்து தனியாக ஒரு குரல் "ஆமென்" என்றது. திருநெல்வேலிப் பக்கத்து அசல் நாசரேத் ஆமென். ரெஜினா ஆன்ட்டி.

இது நடந்தது ஏதோ ஒரு சர்ச்சில் அல்ல. யாருக்காக ஜெபிப்பது என்ற ஒரே கேள்விக்காக, இருநூறு வருடங்களுக்கு முன்னால் கதவைப் பூட்டிய சர்ச்சில். அந்தக் கதையை ஊர் முழுக்கப் பிரசங்கித்துக்கொண்டு திரிந்தவன் வேறு யாருமல்ல, நானேதான்.

கார் இல்லாதவனின் பக்தி

டிரைவிங் டெஸ்டில் மூன்று முறை தோற்றதைச் சென்ற வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். "அந்த ஊரில் சைக்கிள் விற்பதில்லையா?" என்று திண்டுக்கல் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். விற்கிறார்கள், ஐயா. அதிலிருந்தும் விழுந்திருக்கிறேன்.

ஆக, நியூ ஜெர்சியில் எனக்குக் கிடைத்த கடவுள் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டியிருந்தது. என் ரூம்மேட் செந்தில் பொள்ளாச்சிக்காரன். யாரிடமாவது ரைடு கேட்டு மாதம் ஒருமுறை பெருமாள் கோயிலுக்குப் போய்ப் புளியோதரையோடு திரும்புவான். எனக்கு அபார்ட்மென்டிலிருந்து பதினொரு நிமிஷ நடையில் ஒரு பழங்காலக் கல் சர்ச் இருந்தது. ஆங்கிலிக்கன் சபை. அமெரிக்காவில் அதற்குப் பெயர் எபிஸ்கோபல். சர்ச்சின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்கள்.

முதல் ஞாயிறே அசந்து போனேன். சி.எஸ்.ஐ.யில் வளர்ந்தவனுக்கு அங்கே எல்லாம் மனப்பாடம். எங்கே எழுந்து நிற்பது, எங்கே முழங்கால் போடுவது என்பதெல்லாம் அவர்களுக்கு அரை நொடி முன்னதாகவே எனக்குத் தெரிந்தது. கண்ணை மூடினால் பாளையங்கோட்டை, திறந்தால் நியூ ஜெர்சி. கொசுகூட ஒரே ஜாதி.

அப்போது என் உத்தியோகம், 2000 பிறப்பதற்குள், கம்ப்யூட்டரில் வருஷத்தை எழுதும்போது முதல் இரண்டு இலக்கத்தை விட்டுவிட்டவர்களின் பாவத்தைத் திருத்துவது. பழைய ப்ரோகிராம்களைக் காலையிலிருந்து மாலைவரை வரிவரியாகப் படிப்பேன். இன்னொருவர் விட்டதைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருப்பவனுக்கு ஒரு திமிர் வந்துவிடும். தான் எதையும் விடமாட்டோம் என்ற திமிர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கத்துச் சரித்திரம்

சர்ச் வாசலில் ஒரு மேஜைமேல் சபையின் வரலாறு கிடந்தது. டைப் அடித்து ஸ்டேப்பிள் போட்ட சில தாள்கள். ஒரே பிரதிதான் மிச்சம், எடுத்துப் போகக் கூடாது என்று எழுதி வைத்திருந்தார்கள். ரெக்டர் கேரல் அம்மையாரிடம் (அங்கே பெண்களும் குருமார், அதற்கே எனக்கு ஒரு மாதம் வியப்பு தீரவில்லை) அனுமதி கேட்டு, ஒருநாள் கடன் வாங்கி, ஆபீஸ் மெஷினில் காப்பி எடுத்தேன். அன்றிரவே படித்தேன். தூக்கம் போயிற்று.

கதை இதுதான். இங்கிலாந்து ராஜாவின் ஆட்சியில் இருந்த காலத்தில், அமெரிக்காவில் ஆங்கிலிக்கன் பிஷப் ஒருவர்கூடக் கிடையாது. குருப்பட்டம் வேண்டுமென்றால் கப்பலேறி லண்டன் போக வேண்டும். எச்-1 விசா முத்திரைக்காக நாங்கள் மெட்ராஸுக்குப் பறந்து போய் வரிசையில் நிற்பதைப் போல. எங்களுக்காவது விமானத்தில் சாப்பாடு தருகிறார்கள். அவர்களில் சிலர் நடுக்கடலிலும், அம்மை கண்டு லண்டனிலும் செத்துப் போனார்கள். தப்பியவர்கள் அங்கே ராஜாவுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அவர்களுடைய ஜெபப் புத்தகத்தில் ஞாயிறுதோறும் ராஜாவுக்காக ஒரு ஜெபம் உண்டு.

திடீரென்று அமெரிக்கா, இனி ராஜா இல்லை என்று அறிவித்துவிட்டது.

இப்போது அந்தக் குருமார் என்ன செய்வார்கள்? ராஜாவுக்காக ஜெபித்தால் நாட்டுக்குத் துரோகம். ஜெபிக்காவிட்டால் சத்தியத்துக்குத் துரோகம். எங்கள் சர்ச்சின் ரெக்டர், ஜெபத்தில் ஒரு வார்த்தையைக்கூடக் குறைக்க மாட்டேன் என்று சொல்லி, கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். நியூ ஜெர்சியில் பல சர்ச்சுகள் அப்படித்தான் மூடிக் கிடந்தன. எங்கள் சர்ச்சில் ஒருமுறை இந்தப் பக்கத்துச் சிப்பாய்கள் தங்கினார்கள், ஒருமுறை அந்தப் பக்கத்துச் சிப்பாய்கள் குதிரையைக் கட்டினார்கள்.

என் காப்பி அங்கே முடிந்தது. நானும் ஒரு மகத்தான மனிதரைக் கண்டுபிடித்த களிப்பில் அங்கேயே முடித்துக்கொண்டேன்.

அடுத்த சில மாதங்கள் என்னிடம் மாட்டியவர்களை நினைத்தால் இப்போது பாவமாக இருக்கிறது. ஆபீஸ் கார்பூலில் சொன்னேன். ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடையில், முருங்கைக்காய் எடைபோட நின்ற வரிசையில் சொன்னேன். செந்திலிடம் எத்தனை முறை சொன்னேன் என்று அவன்தான் கணக்கு வைத்திருப்பான்.

"அந்தப் பாதிரியார் செத்து எரநூறு வருசம் ஆச்சுடா" என்றான் ஒருநாள். "அவரு கதவப் பூட்டுனா பூட்டிட்டுப் போறாரு. இன்னிக்குப் பாத்திரம் கழுவற டர்ன் உன்னோடது. அதுக்கு ஒரு ஜெபம் பண்ணு."

பிசாசும் தாய்நாடும்

என் பிரசங்கத்தைக் கடைசிவரை கேட்ட ஒரே ஜீவன் ரெஜினா ஆன்ட்டி. கேட்டதோடு நிற்கவில்லை, நம்பியும் விட்டார். அங்கேதான் வினை.

ஆன்ட்டி நர்ஸ். ஐம்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாசரேத்திலிருந்து கிளம்பி, குவைத் வழியாக நியூ ஜெர்சி வந்து பல வருடங்கள். சர்ச்சில் என்னைப் பார்த்த முதல் நாளே, "திருநெல்வேலிப் பிள்ளையா?" என்று கேட்டுக் கையோடு அழைத்துப் போய் வஞ்சிர மீன் குழம்பு போட்டார். அதன் பிறகு ஞாயிறு மதியம் அங்கேதான். அவருக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சொந்தம் அப்பா. தேவசகாயம் உபதேசியார் என்றால் நாசரேத் பக்கம் தெரியும். சபைகளில் வேதம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு தனியாக இருந்தார். அந்த வருஷம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, வலது தோளில் அடி.

அப்பாவைத் தன்னிடம் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது ஆன்ட்டியின் ஒரே லட்சியம். கிரீன் கார்டு வைத்திருப்பவர் பெற்றோரை ஸ்பான்சர் பண்ண முடியாது. சிட்டிசன் ஆனால் முடியும். ஆன்ட்டி அப்ளை பண்ணி, இன்டர்வியூ முடிந்து, உறுதிமொழி எடுக்க மட்டும் பாக்கி. கையைத் தூக்கிச் சில வரிகளைச் சொன்னால் தீர்ந்தது.

அந்த வரிகளை ஒருநாள் என்னிடம் காட்டி, இதில் சில வார்த்தைகள் புரியவில்லை, கொஞ்சம் தமிழில் சொல்லேன் தம்பி என்றார்.

சாதாரண மனிதனாக இருந்தால், "பழைய நாட்டுக் குடியுரிமையை விட்டுடறேன்னு அர்த்தம் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு மீன் கேட்டிருப்பான். நான் பேனாவைத் திறந்தேன். ஞாயிறு பள்ளியில் வேத வசனப் போட்டியில் பரிசு வாங்கியவனல்லவா? எனக்குத் தெரிந்த கனமான தமிழ் பரிசுத்த வேதாகமத்தின் தமிழ்தான். "இதுகாறும் நான் சார்ந்திருந்த எல்லா ராஜாக்களையும் ராஜ்யங்களையும் முற்றுமுடிய வெறுத்துத் தள்ளி, அவைகளை விட்டு என்றென்றைக்கும் விலகுகிறேன்" என்று அந்தக் கால பிஷப்மார் பாணியில் இறக்கினேன். எழுதி முடித்துவிட்டு நானே சத்தமாக வாசித்துக் காட்டினேன். சந்தேகத்துக்கு இடமில்லாமல், என் வாழ்க்கையின் சிறந்த மொழிபெயர்ப்பு.

உறுதிமொழி நாள் வந்தது. ஆன்ட்டி லீவு போட்டு, பட்டுச் சேலை கட்டி, வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். போகவில்லை.

இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார். இரண்டாவது தேதி குறித்த கடிதமும் அப்போது வந்திருந்தது. இதற்கும் வராவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வோம் என்று அதில் இருந்தது. ஜூலை மூன்றாவது வாரம்.

"நீ எழுதிக் குடுத்த காயிதத்த வாசிச்சேன் தம்பி" என்றார். "ஞானஸ்நானத்துல பிசாசத் தள்ளுத மாதிரில்லா இருக்கு. அப்பா இருக்குத ஊரத் தள்ளிட்டு, அப்பாவ எப்படிக் கூப்பிடுதது?"

ஆன்ட்டி, அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி என்றேன்.

"அப்ப அந்த ஐயரு?" என்றார். எங்கள் பக்கம் பாதிரியாருக்கு ஐயர் என்றுதான் பெயர். "ஒரு வார்த்தையக் கொறைக்க மாட்டேன்னு கோயிலப் பூட்டிட்டுப் போனாருல்லா? அவருக்கு ஃபார்மாலிட்டின்னு தெரியாதா? நீதான சொன்ன."

நான்தான் சொன்னேன். ஐந்து ஞாயிறு சொன்னேன். ஒவ்வொரு ஞாயிறும் புதிதாக ஒரு கைவீச்சு சேர்த்துச் சொன்னேன்.

அன்றைக்கு மீன் குழம்பு தொண்டையில் இறங்கவில்லை. இறங்காமலே இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன் என்பதையும் உண்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

மறுபடியும் கழுகு

இந்தக் கலக்கத்தோடுதான் அந்த ஜூலை ஞாயிறு கழுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆன்ட்டியை நியூ ஜெர்சியோடு சேர்த்து வைக்க என்ன வழி என்று யோசித்துக்கொண்டே ஜெபித்தவன், இந்தியக் குடியரசுத் தலைவரை அமெரிக்கர்களின் தலையில் கட்டிவிட்டேன்.

சுதாரித்து, அவசரமாக அமெரிக்க ஜனாதிபதியையும் சேர்த்தேன். பின்னிணைப்பு போலத்தான் ஒலித்தது.

ஆராதனை முடிந்து பின்ஹாலில் காபி. யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு டோனட்டை ஆராய்ந்துகொண்டிருந்தேன். கேரல் அம்மையார் பக்கத்தில் வந்தார். இருநூறு வருடங்களுக்கு முன்னால் இதே இடத்தில் நின்று வேறொரு நாட்டுத் தலைவருக்காக ஜெபித்திருந்தால், வெளியே உன்னைப் பிடித்துப் போக ஒரு கூட்டம் நின்றிருக்கும் ஜெப், இன்றைக்குக் காபிதான், பால் வேண்டுமா என்று கேட்டார். என் பெயர் ஜெபசிங். அவர்களுக்கு ஜெப்.

நான் விறைப்பாக, நம் பழைய ரெக்டர் ஒரு வார்த்தையையும் குறைக்காமல் சர்ச்சையே பூட்டிவிட்டுப் போனாரே, அவரை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது என்றேன்.

ஆமாம், ஆனால் பிறகு திறந்துவிட்டாரே என்றார் கேரல்.

எங்கே எழுதியிருக்கிறது அது என்றேன்.

பின்பக்கத்தில்.

மேஜைமேல் கிடந்த தாள்களை எடுத்துத் திருப்பிக் காட்டினார். இரண்டு பக்கமும் டைப் அடித்திருந்தது. நான் எல்லாத் தாளிலும் முன்பக்கத்தை மட்டும் காப்பி எடுத்திருந்தேன். வாக்கியங்கள் பாதியில் நின்று பாதியில் தொடங்கியபோது, பழங்கால ஆங்கிலம் அப்படித்தான் போலிருக்கிறது என்று மரியாதையோடு படித்திருக்கிறேன். அடுத்தவன் விட்ட இரண்டு இலக்கத்தைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவன்.

பின்பக்கத்தில் இருந்தது இது. சர்ச் பூட்டிக் கிடந்தபோதும் அந்த ரெக்டர் வீடுவீடாகப் போய்க் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், செத்தவர்களை அடக்கம் செய்தார். ஆனால் சபை சிதறத் தொடங்கியது. சண்டை முடியும் முன்பே ஒரு ஞாயிறு கதவைத் திறந்தார். எல்லாவற்றையும் வாசித்தார். ராஜாவுக்கான ஜெபம் வரும் இடத்தில் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு மேலே போனார். அப்படியே அதே சபையில் கிழவராகி, கடைசியில் புதிய அரசாங்கத்துக்காகவும் ஜெபித்துவிட்டுச் செத்தார்.

டோனட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினேன். ஆன்ட்டி பார்க்கிங் லாட்டில் காரைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, அவரு தொறந்துட்டாரு."

யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார். "போன வாரம் வரைக்கும் பூட்டினாரு. இந்த வாரம் தொறந்துட்டாரு. அடுத்த வாரம் என்ன செய்வாராம்?"

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். ஒரு சரித்திரப் பேராசிரியருக்கு இதைவிட நியாயமான முடிவு கிடைக்காது. உறுதிமொழிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

பழைய சோற்றுப் பசை

அடுத்த சனிக்கிழமை காலை, நான் ஆன்ட்டி வீட்டுக்குப் போனபோது போன் கார்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை காலை நாசரேத்துக்குப் பேசும் நேரம். ஸ்பீக்கரில் போட்டார். உபதேசியாருக்குக் காது மந்தம். தனக்குக் கேட்கவில்லை என்றால் அமெரிக்காவுக்கும் கேட்காது என்று நினைத்து, ஊரே கேட்கும்படி பேசுவார்.

ஆன்ட்டி அப்பாவிடம் தான் போகாததைச் சொல்லியிருக்கவே இல்லை. நான் சொல்லிவிட்டேன். வாயை வாடகைக்கு விட்டவன் போல, அந்த ரெக்டர், ராஜா, சத்தியம், பூட்டு, சாவி, என் மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் போன் கார்டு நிமிஷங்களைத் தின்றபடி எடுத்து வைத்தேன். ஆன்ட்டி என்னை முறைத்தார்.



"நாங்களும் ராஜாவுக்கு ஜெபம் பண்ணுனவங்கதான" என்றார் உபதேசியார். "வெள்ளக்காரன் போனான்லா, அப்ப நான் உபதேசியார் வேலையில சேந்து ஆறு மாசம். ஐயர் என்னயக் கூப்பிட்டு, ராஜா பேருக்கு மேல காயிதத்த ஒட்டுடே, புது சர்க்கார எழுதி ஒட்டுன்னாரு. எழுதினேன். பழைய சோத்தக் கொழச்சு ஒட்டினேன். காயுததுக்கு முந்தி புஸ்தகத்த மூடிட்டேன்."

அப்புறம்?

"எதுத்த பக்கத்தோட ஒட்டிக்கிட்டு. ஞாயித்துக்கெழம ஐயர் வாசிக்காரு, பக்கம் பிரிய மாட்டங்கு. நகத்த விட்டு நோண்டிப் பாத்தாரு. அப்படியே சேத்துத் திருப்பிட்டாரு. அன்னைக்கு ராஜாவும் இல்ல, சர்க்காரும் இல்ல. ஆராதன சீக்கிரம் முடிஞ்சிட்டு. சனங்களுக்கு சந்தோசம்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சத்தியம், துரோகம், மனசாட்சி என்று ஒரு கண்டத்தையே கட்டி எழுப்பியிருந்தேன். எங்கள் ஊரில் அதே பேரரசு ஒரு உருண்டை பழைய சோற்றில் முடிந்திருக்கிறது.

ஆன்ட்டி சிரிக்கவில்லை. "உங்களுக்கு உறுத்தலையாப்பா?" என்றார்.

"ஐயர் ஏசினாரு. அதான் உறுத்திச்சு" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்திப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "தாயீ, அங்கன கொழாயிலயே வெந்நீர் வருமாமே? மேஸ்திரி பொஞ்சாதி சொன்னா. இங்க வாளியத் தூக்க முடியலம்மா. ஒரு கையால பாதி வாளி தூக்குதேன். தோளு ராத்திரியெல்லாம் குடையுது."

கார்டில் நிமிஷம் தீர்ந்து லைன் அறுந்தது.

ஆன்ட்டி எழுந்து, மேஜை டிராயரில் கிடந்த இரண்டாவது தேதிக் கடிதத்தை எடுத்து, ஃபிரிஜ் கதவில் வாழைப்பழ வடிவக் காந்தத்தை வைத்து ஒட்டினார். என் மொழிபெயர்ப்பையும் எடுத்தார். நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேஜையின் காலுக்கு அடியில் வைத்தார். மேஜை ஆட்டம் நின்றது. என் எழுத்தால் விளைந்த முதல் நன்மை.

எக்ஸிட்டைப் பார்

நாலாவது டெஸ்டில் எனக்கு லைசென்ஸ் கிடைத்திருந்தது. உறுதிமொழி நாளன்று ஆன்ட்டியின் காரை நான் ஓட்ட, அது நடக்கும் நெவார்க் நோக்கிக் கிளம்பினோம். அவர் பட்டுச் சேலையும், ஆஸ்பத்திரிக்குப் போடும் வெள்ளை ஷூவுமாக உட்கார்ந்திருந்தார். டர்ன்பைக் நெடுஞ்சாலையில், நாங்கள் இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தவறவிட்டேன். அடுத்ததில் இறங்கித் திரும்பி வருவதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது. இரண்டாவது கடிதத்துக்கும் ஆன்ட்டி வராமல் போனால், அதற்குக் காரணம் இந்த முறை என் மொழிபெயர்ப்பாக இருக்காது, என் டிரைவிங்காக இருக்கும் என்று தோன்றியது. கதவைச் சாத்தப் போகும் நேரத்தில் உள்ளே ஓடினோம்.

பெரிய ஹால். எத்தனையோ நாட்டு முகங்கள். கூட வந்தவர்கள் பின்னால் நிற்க வேண்டும். எல்லோரும் எழுந்து வலது கையைத் தூக்கினார்கள். அதிகாரி ஒரு வரி சொல்ல, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள்.

நான் ஆன்ட்டியின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய நாட்டைத் துறக்கும் அந்த வரியில் அவர் என்ன செய்யப் போகிறார்? சொல்வாரா? அந்த ரெக்டர் போல மௌனமாகத் தாண்டிவிடுவாரா? சரித்திரத்துக்கு இதற்கு ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி நான்.

மிகச் சரியாக அந்த வரியில், எனக்கு முன்னால் நின்ற ஆறடி மனிதர் கைக்குழந்தையைத் தோள் மாற்றினார். குழந்தையின் தலையில் பெரிய தொப்பி. எட்டிப் பார்ப்பதற்குள் எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் வழியில் ஆன்ட்டி சின்னக் கொடி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். பத்து மைல் பொறுத்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"ஆன்ட்டி, அந்த வரியையும் சொன்னீங்களா?"

"அது எனக்கும் கர்த்தருக்கும் உள்ளது" என்றார். "நீ எக்ஸிட்டப் பாரு."

குழாய்

உபதேசியார் வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வந்த முதல் ஞாயிறு, சூட்கேஸிலிருந்து அப்போதுதான் எடுத்த கருப்பட்டி வாசனை மாறாத வேட்டி சட்டையோடு, மேலே மகளின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, நாலாவது பெஞ்சில் உட்கார்ந்தார். ஆங்கிலம் தெரியாது. கையில் துண்டில் சுற்றிய ஒரு தடித்த புத்தகம். எந்தப் பகுதி நடக்கிறது என்பதை ராகத்தைக் கேட்டே கண்டுபிடித்து, தன் புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பி, தமிழில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அன்றும் ஜெபம் நடத்தியது நான்தான். அமெரிக்க ஜனாதிபதியின் பெயரைக் கையில் மையால் எழுதி வைத்திருந்தேன்.

ஆராதனை முடிந்ததும் பாய்ந்தேன். அதே புத்தகமா, தாத்தா?

அதேதான். புதிய ஜெபப் புத்தகம் வந்தபோது பழையதை எறியப் போனார்களாம், இவர் கேட்டு வாங்கிக்கொண்டாராம். விரித்துக் காட்டினார். நடுவில் இரண்டு பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒரே தடித்த தாளாக இருந்தன. ஓரத்தில் ஐயர் நகத்தை விட்டு நோண்டிய இடம் பொத்தலாகத் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். மூன்று அடுக்கு எழுத்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கறுத்துக் கிடந்தது. ஒரு வார்த்தையும் படிக்க முடியவில்லை.

எனக்குக் கை பரபரத்தது. ராஜாவும் சர்க்காரும் ஐம்பது வருஷமாக முகத்தோடு முகம் ஒட்டிக் கிடக்கிறார்கள். பின்ஹால் அடுப்பில் கெட்டில் இருக்கிறது. கொஞ்சம் ஆவி காட்டினால் அழகாகப் பிரித்துவிடலாம், கிழியாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"பிரிச்சா என்ன இருக்கும்?" என்று கேட்டார்.

"நீங்க எழுதி ஒட்டினது இருக்கும் தாத்தா. அடியில ராஜா பேரு இருக்கும்."

"அது எனக்குத் தெரியுமே" என்றார்.

புத்தகத்தை வாங்கி, துண்டில் சுற்றி, அடிபட்ட தோளுக்கு மறுபக்கம் இடுக்கிக்கொண்டார். காபி ஹாலில் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்ததும் நின்றார். இரண்டு குழாய்கள். இதில் எது என்று என்னைக் கேட்டார். இடது பக்கம் என்றேன்.

திறந்தார். முதலில் பச்சைத் தண்ணீர்தான் வந்தது. விரலை அதில் நீட்டியபடி காத்திருந்தார். பின்னால் வரிசையில் நின்ற அமெரிக்கர்கள் காலிக் கோப்பைகளோடு பொறுமையாக நின்றார்கள். ஆன்ட்டியும் பக்கத்தில் வந்து நின்றார்.

"வருது" என்றார் உபதேசியார்.